கோடை வரைக்கும் தொடாது

போன வருஷம் ஜூன் மாதம், வாசலில் வரிசையாக நின்ற ஐந்து செம்பருத்திகளையும் ஆள் விட்டு வேரோடு தோண்டி எடுத்தேன். நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. அடுக்குச் செம்பருத்தி இரண்டு, ஒற்றை மூன்று, அஞ்சும் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து என் இளைய நாத்தனார் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருந்தாள். குழியையும் மண்வெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மான் திங்குதுன்னா தின்னுட்டுப் போகட்டுமே அண்ணி. வாயில்லா ஜீவன். நாலு எலையில உங்களுக்கு என்ன கொறைஞ்சுபோயிடும்?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. காபி கலக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய முருங்கைக்காய் நார் மாதிரி அங்கேயே இருக்கிறது. இதை எழுதுவது அதை எடுத்துப் போடத்தான்.

எங்கள் வீடு வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகிற சாலையில், காட்டை ஒட்டி இருக்கிறது. என் மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. காடு சரணாலயமானது 1967ல். வீடு அதற்கும் முந்தியது. இதைச் சொல்லி என் கணவர் "நாம சீனியர்" என்பார். மான் அதற்கும் சீனியர் என்று நான் சொல்வேன். கோடியக்கரை மானைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வேனில் வந்து, புளிசாதம் சாப்பிட்டு, தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததை மான் என்று நம்பிவிட்டுத் திரும்பியவர்கள்தானே நாம் எல்லாரும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக்காரர்கள் பார்க்க வருவது வெளிமான். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாகப் புல்வெளியில் நிற்குமே, அது. பேருக்கேற்ற மாதிரி அது வெட்டவெளியை விட்டு லேசில் வராது. அதற்குப் புல் இருந்தால் போதும். என் செம்பருத்திக்கு வந்தது புள்ளிமான். புல்லும் மேயும், இலையும் கடிக்கும், உதிர்ந்த பூவையும் காயையும் பொறுக்கும். மரம், புதர், மனுஷ வாடை எல்லாம் அதற்குப் பழக்கம்.

நான் பிறந்தது பாபநாசம் பக்கம். வண்டல் மண். அங்கே செடி வைப்பதில் ஒரே எதிரி ஆடு. போத்து நட்டு வேலி போட்டால் ஆடு வராது, கதை முடிந்தது. கல்யாணமாகி இந்த மணல் பூமிக்கு வந்தபோது இங்கேயும் வேலி இருந்தது. பூவரசும் கிளுவையும் கல்யாணமுருங்கையும் ஒன்றோடொன்று பின்னி, கோழிகூட நுழைய முடியாத வேலி. முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்திய காலமெல்லாம் என் தோட்டத்தில் ஒரு மானையும் நான் பார்த்ததில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியது. காலையில் கதவைத் திறந்தால் வேலி இல்லை. வேலிக்கு அப்பால் நின்ற மாமரங்களும் முந்திரியும் இல்லை. வீட்டு வாசலில் நின்றபடி காட்டைப் பார்க்க முடிந்தது. காட்டிலிருந்து வீட்டைப் பார்க்கவும் முடியும் என்பது எனக்கு அடுத்த கோடையில்தான் புரிந்தது.

முதலில் போனது ரோஜா. முள் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். மானுக்கு அந்த முள் ஒரு பொருட்டே இல்லை; துளிரை மட்டும் நறுக்காகக் கிள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு செம்பருத்தி, சங்குப்பூக் கொடி, கீரைப் பாத்தி, கடைசியில் நான் பெரிய பெருமையோடு காட்டிக்கொண்டிருந்த முல்லைப் பந்தலின் கீழ்ச்சடை. இந்தத் தாலுகாவில் முல்லை அழிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆயக்காரன்புலத்துக்காரர்களுக்கும் தேத்தாகுடிக்காரர்களுக்கும் தெரியும். என்னுடையது விற்பனைக்கு இல்லை என்றாலும் அழுகை வந்தது.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டினேன். சிவப்பாக இருந்தால் மிரளும் என்று யாரோ சொன்னதை நம்பி, பீரோவிலிருந்த அரக்குப் புடவையைக் கிழித்தேன். மானுடைய கண்ணுக்குச் சிவப்பு தனி நிறமாகத் தெரியாது. பாடம் நடத்திய எனக்கே அது புடவை போன பிறகுதான் ஞாபகம் வந்தது. காற்றில் ஆடுகிற துணியைப் பார்த்து ஐந்தாறு நாள் தயங்கும், அவ்வளவுதான். ஏழாம் நாள் புடவைக்கு அடியில் குனிந்து வந்தது. அப்புறம் மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு ஊறவைப்பது. கோடியக்கரையில் மீன் கழிவுக்கா பஞ்சம்? தெளித்த அன்று மான் வரவில்லை. தெருவில் உள்ள அத்தனை பூனையும் வந்தது. மறுநாள் ஏதோ ஒன்று செடியடியை ஒரு முழம் ஆழத்துக்குப் பறித்துப் போட்டிருந்தது. நரி என்றார் கணவர், நாய் என்றேன் நான். இரண்டு நாளைக்கு அந்தச் சண்டை.

என் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். வீடியோ காலில் என் மொட்டை ரோஜாவைக் காட்டியபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இங்கேயும் அதே கதைதான். வெள்ளைவால் மான். ஹோஸ்டான்னு ஒரு செடி, அதை சாலட் மாதிரி சாப்பிடுது. டியூலிப் மொட்டு விட்டா மறுநாள் காம்பு மட்டும் நிக்கும்." அங்கே உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கப் பிரிவு, எந்தச் செடியை மான் எவ்வளவு சேதப்படுத்தும் என்று ஒரு பெரிய பட்டியலே போட்டிருக்கிறது. அதை அனுப்பினான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ராத்திரி பூரா படித்தேன். செடிகளில் பாதி எனக்குப் பேர்கூடத் தெரியாதவை. இந்த மணலில் டாஃபடில்லை நட்டு என்ன செய்ய? ஆனால் பட்டியலின் அமைப்பு பிடித்திருந்தது. நாலு தரம். அரிதாகச் சேதமாவது, கடுமையான சேதம் குறைவாக வருவது, அவ்வப்போது கடுமையாகச் சேதமாவது, அடிக்கடி கடுமையாகச் சேதமாவது. அன்றைக்கு இதில் முதல் தரத்தை மட்டும் பார்த்தேன். நாலு தரத்திலும் எந்தச் சொல் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

ஆட்டுக்காரப் பெரியம்மா

எங்கள் தெருக்கோடியில் ஆடு வளர்க்கிற பெரியம்மா ஒருவர் இருக்கிறார். எழுபதுக்கு மேல் இருக்கும். என்னை டீச்சரம்மா என்பார். அவர் ஆடுகள் என் தோட்டத்தில் நுழைந்ததற்காகப் பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பேசாமல் இருந்ததும் உண்டு. நர்சரியில் "ஆடு மாடு எதுவும் தொடாது" என்று சொல்லிக் கொடுத்த இருபது செடிகளை நட்டு, ஒரே வாரத்தில் பதினாறைப் பறிகொடுத்து நான் நின்ற காலையில், அவராகவே வந்து வேலி ஓரமாக நின்றார். மிச்சமிருந்த ஒரு செடியின் இலையைக் கிள்ளினார். விரலில் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"செடி சரியான செடிதான் டீச்சரம்மா. ஆனா இதுல கசப்பு இன்னும் ஏறல. யூரியா போட்டு ஊட்டி வளத்த புள்ள. தளதளன்னு இருக்கு, தண்ணி மாதிரி இருக்கு. நானா இருந்தாலும் தின்னுடுவேன்" என்றார்.

நான் வகுப்பில் இதை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். செடிக்கு ஓடத் தெரியாது. ஆகையால் இலையில் விஷத்தையும் நாற்றத்தையும் பாலையும் வைத்துக்கொள்கிறது. தழைச்சத்தைக் கொட்டி, வேளாவேளைக்குத் தண்ணீர் விட்டு வளர்த்த இளங்கன்று கிடுகிடுவென்று வளர்வதில்தான் மும்முரமாக இருக்கும். அதன் துளிர் மெத்தென்று சத்தோடு இருக்கும். மான் அதைத்தான் தேடும். அதே வகைச் செடி மேட்டில் தானாக முளைத்து, வெயிலில் காய்ந்து வளர்ந்திருந்தால் சீந்தாது. இந்தப் பாடம் எனக்கு எட்டாம் பக்கமா பத்தாம் பக்கமா என்பதுவரை மனப்பாடம். ஒரு இலையை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. (நீங்களும் வைக்காதீர்கள். பெரியம்மாவுக்கு எது எது எமன் என்று தெரியும். நமக்குத் தெரியாது.)

அன்றைக்கு அவர் என்னை மேட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோதனை காட்டினார். கிள்ளினால் பால் வருகிறதா? எருக்கு, நந்தியாவட்டை. கசக்கினால் மூக்கைத் துளைக்கிறதா? நொச்சி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, உண்ணிச்செடி. கசக்கிறதா? ஆடாதொடை. இதன் பேரிலேயே ஆடு இருக்கிறது, ஆடு தொடா இலை. ஆடுதின்னாப்பாளை என்று தரையோடு படர்கிற கொடி ஒன்றும் உண்டு. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் பூச்சிக்கு ஐந்திலைக் கரைசல் காய்ச்சும்போது இந்தக் கூட்டத்திலிருந்துதான் இலை பறிக்கிறார்கள். ஆடு மாடு கடிக்காத இலையாகப் பார்த்து எடு என்பதே அங்கே பாலபாடம். வேறு நாட்டுக்காரர்கள் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து போட்ட பட்டியலை நம் ஆட்கள் செடியின் பேரிலேயே வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

பெரியம்மா சிரித்தார். "ஆடு தொடாதுன்னு பேரு வச்சவன் ஆட்டைக் கோடையில பாக்கல டீச்சரம்மா. ஐப்பசியில தொடாது. தையில தொடாது. சித்திரையில எருக்கங்கொழுந்தையும் கடிக்கும். கடிச்சுட்டு நுரை தள்ளிக்கிட்டு நிக்கும், மறுநாளும் கடிக்கும். பசிதானே."

வீட்டுக்கு வந்து தம்பி அனுப்பிய பட்டியலைத் திரும்ப எடுத்தேன். நாலு தரம். அரிதாக, குறைவாக, அவ்வப்போது, அடிக்கடி. 'தொடவே தொடாது' என்று ஐந்தாவதாக ஒன்று இல்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மணமுள்ள இலைகளை மான் ஏன் விடுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அசைபோடுகிற பிராணி தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து தழையை நொதிக்க வைக்கின்றன. நொச்சி, துளசி மாதிரியான இலைகளில் இருக்கும் காரமான எண்ணெய்கள் அந்தக் குடித்தனக்காரர்களைக் கெடுத்துவிடும். ஆக மானுக்கு அது நாக்கு ருசி சமாசாரம் மட்டும் அல்ல. கொஞ்சம் தின்றால் தாங்கும். நிறையத் தின்றால் சாப்பாடு செரிக்கவைக்கிற ஆளே இல்லாமல் போய்விடும். தெரிந்தும் தின்கிறது என்றால் அந்த வயிறு எவ்வளவு காலியாக இருந்திருக்க வேண்டும்.

மே மாதத்து ராத்திரி

இந்த ஊரில் மழை ஐப்பசி கார்த்திகையோடு சரி. தை முடிந்தால் புல் மஞ்சளாகும். சித்திரை வைகாசியில் காட்டுக்குள் குட்டையெல்லாம் வெடித்துக் கிடக்கும். வனத்துறை தொட்டி வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த மே மாதத்தில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், புழுக்கம் தாங்காமல் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். மின்சாரம் இல்லை. அரை நிலா. வாசலில் நந்தியாவட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெளிச்சம் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது ஒரு பெண்மானின் தொண்டை என்று தெரிந்தது. பின்னால், முட்டியளவுக்குக் குட்டி.

எனக்கும் அதற்கும் பத்தடி இருக்கும். செம்பருத்தியை நான் அன்று மாலைதான் சாக்குப் போட்டு மூடியிருந்தேன். மான் நந்தியாவட்டை இலையைப் பிடித்து இழுத்தது. மானுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. கத்தரிக்க முடியாது, பிய்க்கத்தான் முடியும். இலை கிழிகிற சத்தம் கேட்டது. வாயோரத்தில் பால் வெள்ளையாக ஒழுகியது. இரண்டு தரம் மென்றது, தலையை உதறிக் கீழே போட்டது. அப்படியே நின்றது. பிறகு கீழே போட்டதையே குனிந்து எடுத்தது. குழந்தைக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுங்குமே, அந்த மாதிரி முழுங்கியது. என்னைப் பார்த்ததா தெரியாது. காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துத் தொட்டியில் அடி மண்டியாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை உறிஞ்சிவிட்டுக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனது.

காலையில் சாக்கை எடுத்துவிட்டேன். தொட்டியைக் கழுவி நிரப்பினேன். மாலையில் பூவரசங்கிளை நாலு வெட்டிச் செம்பருத்திக்கு முன்னால் போட்டேன். அப்போது என் மனதில் இருந்தது என் நாத்தனார் பின்னால் சொல்லப்போகிற அதே வாக்கியம்தான்: நாலு இலையில் என்ன குறைந்துவிடும். ஒரு வாரம் அப்படிச் செய்தேன். இரண்டு மான் ஐந்தாயின. கணவர் திண்ணையில் இருந்து செல்போனில் படம் பிடித்தார். தம்பிக்கு அனுப்பினோம். அவன் மட்டும், "அக்கா, இங்கே மானுக்குத் தீனி போடாதேன்னு சொல்வாங்க" என்று பதில் போட்டான். அமெரிக்காக்காரனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது ராத்திரி நாய்கள் குரைத்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. டார்ச்சும் கம்புமாக நாங்கள் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. செம்பருத்தி வரிசைக்கும் மதில் சுவருக்கும் நடுவே இரண்டடிச் சந்து. உள்ளே நுழைந்த குட்டிக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். தாய் எங்கேயோ இருட்டில் நின்று விட்டு விட்டுக் கூவியது விடியும்வரை கேட்டது.

காலையில் வனத்துறைக்குச் சொன்னோம். வந்தவர்களில் மூத்தவர் எழுதிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார், காய்ந்து கிடந்த பூவரசங்கிளையைப் பார்த்தார். "தண்ணி வச்சிருந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார். திட்டவில்லை. வேறு ஒன்றும் சொல்லவும் இல்லை. அவர் பெண் என்னிடம் படித்தவள்.

செம்பருத்தியைத் தோண்டியது அதற்குப் பிறகுதான். நாத்தனாரிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: இலை போனதற்காக இல்லை தங்கச்சி. காட்டுக்கும் என் வாசலுக்கும் நடுவில் தார்ச்சாலை இருக்கிறது, ஏழெட்டு நாய் இருக்கிறது. அவ்வளவையும் தாண்டி வந்தால் இங்கே செம்பருத்தி இருக்கிறது என்று நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். மீனுக்குப் புழுவைக் கோத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

இப்போது என்ன இருக்கிறது

வேலியிலிருந்து தொடங்குகிறேன். பழைய வேலியில் இருந்த பூவரசும் கல்யாணமுருங்கையும் ஆடு மான் இரண்டுக்கும் விருந்து; கெட்டியாக இருந்தவரை சரி, போத்து நட்டு அது கெட்டியாவதற்குள் தின்று தீர்த்துவிடும். அதனால் இப்போது நொச்சிப் போத்தும் ஆடாதொடையும் மாற்றி மாற்றி. மணலில் நொச்சி வெகு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆடாதொடைக்கு முதல் வருஷம் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டாம். உரம் போடுவதையே நிறுத்திவிட்டேன். வளர்த்தி மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் கசப்போடு வளர்கிறது. வலை கட்டலாமே, கோடியக்கரையில் பழைய மீன்வலை சும்மாவே கிடைக்குமே என்று சொன்னார்கள். கொம்புள்ள மான் வலையில் மாட்டினால் உதறி உதறியே செத்துப்போகும். வேண்டாம் என்றுவிட்டேன்.

தம்பியின் டாஃபடில் என்னை விடவில்லை. அது ஏன் முதல் தரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், அதன் கிழங்கிலும் இலையிலும் லைகோரின் என்ற நஞ்சு. அந்தக் குடும்பத்துப் பேரை வாசித்ததும் தலையில் தட்டிக்கொண்டேன். நம் கடற்கரை மணலில் தானாக வளர்கிற விஷமூங்கில் அதற்கு ஒன்றுவிட்ட அக்கா! தடித்த வாள் மாதிரி இலை. சாயங்காலத்துக்கு மேல் விரிந்து மணக்கிற, சிலந்திக்கால் போன்ற வெள்ளைப்பூ. அதே லைகோரின். காசு கொடுத்து எதையெதையோ வாங்கி நட்ட எனக்கு, உப்பங்காற்றுக்கே பிறந்த செடி ஒன்று காலடியில் கிடந்தது தெரியவில்லை. ஒரு வரிசை முழுக்க நட்டேன். இரண்டு கோடை ஆயிற்று, ஒரு இலை நுனியில் மட்டும் கடித்து விட்ட தடம் இருக்கிறது.

அதற்கு உள்வரிசையில் நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. அந்த இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து. வருஷம் முழுக்கப் பூக்கிறதே என்று நான் நட்டால், தெருவில் போகிறவர்கள் "சுடுகாட்டு மல்லியை வாசல்ல வச்சிருக்கீங்களே" என்று கேட்கிறார்கள். ஒரே பூவுக்கு இந்த இரண்டு பேரையும் வைத்த ஊர் நம் ஊர். ஐப்பசி பிறந்தால் வேலியில் கார்த்திகைப்பூ தானாக ஏறும். அதன் கிழங்கு கொடிய விஷம். அரளியை மட்டும் நான் வைக்கவில்லை. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி நிற்பது மாடு கடிக்காது என்பதற்காகவும்தான், அந்த வகையில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் லீவுக்குப் பேரன் வருகிறான், கையில் கிடைப்பதை வாயில் வைக்கிற வயது. மான் விடுகிறது என்றால் நமக்கு ஆகும் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலும் நேர்மாறு. விஷமூங்கிலைக் கவாத்து செய்தால்கூட நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே வருவதில்லை.

சிக்கல் என்னவென்றால், இவ்வளவு பூ பூத்தும் தலையில் வைக்க ஒன்றும் இல்லை. நாம் ஆசைப்படுவதற்கெல்லாம் மானும் ஆசைப்படுகிறது. மான் வேண்டாம் என்று ஒதுக்குவதை நாமும் சுடுகாட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இதை ஒருநாள் மாமியாரிடம் புலம்பினேன். எண்பத்தேழு வயது, கண் மங்கல், காது படு கூர்மை. "ஏன், சாமிக்கு ஆவுமே. எருக்கு, ஊமத்தை, நந்தியாவட்டை, எல்லாம் அவருக்குத்தானே" என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கையில மானைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவரு தலையில வேற எதை வச்சுக்க முடியும்? அது திங்காததைத்தான் வச்சுக்கணும்" என்றார். கொன்றையும் வைத்திருக்கிறாரே அத்தை, கொன்றைக்காயை மான் விடாதே என்று உயிரியல் டீச்சர் ஒருத்தி எனக்குள்ளிருந்து கையைத் தூக்கினாள். உட்காரச் சொன்னேன்.

முல்லையை விட மனசு வரவில்லை. அதை வாசலிலிருந்து கொல்லைக்கு, கிணற்றடிக்கு மாற்றிவிட்டேன். சுற்றிலும் எட்டடி உயரத்துக்கு மூங்கில் படல். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் மான் லேசில் தாண்டிக் குதிக்காது. ரோஜா இரண்டே இரண்டு, மாடியில், தொட்டியில். வாசல் தொட்டி ராத்திரியில் காலி. இந்த மேயில் மான் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். குளம்படி சாலையோரம் வரை இருந்தது, நொச்சி வேலியை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்திருந்தது, திரும்பியிருந்தது. ஒரு நாள் ஆடாதொடை நுனி பிய்ந்திருந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். "சொன்னேன்ல" என்றார்.

போன வாரம் காலையில் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனால், முல்லையின் அடித்தளிர் பத்துப் பன்னிரண்டு காணோம். படலை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். எங்கும் சாயவில்லை, கயிறு அறுபடவில்லை. எட்டடியைத் தாண்டியதா? அப்படியானால் போட்ட கணக்கெல்லாம் பொய்யா? குந்தி உட்கார்ந்து காம்பை விரலால் தடவிப் பார்த்தேன். பிசிறு இல்லை. பென்சில் சீவின மாதிரி சாய்வாக, சுத்தமான வெட்டு. மேலும் கீழும் முன்பல் உள்ள வாய். படலுக்கு அடியில் மணல் ஒரு சாண் பள்ளமாகியிருந்தது.

தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், முயலுக்கு ஏதாவது லிஸ்ட் இருக்கிறதா என்று கேட்டு.